கூரை விசிறிக்கு ஒரு கைக்கட்டளை

“குளிர்நாட்டார்க்கு விசிறி எதற்கு?” என்று வினவுவோர் நம் மலைநாட்டில் இன்னும் உளர். தலாத்துஓயாவையும் மாரஸ்ஸனையையும் கடந்து பஸ் வண்டி ஹேவாஹெட்டயை நோக்கி ஏறும்போதே, கண்டி நகரில் அரும்பிய வியர்வை உலர்ந்துபோவதை நாளும் பயணஞ் செய்வோர் அறிவர். ஆயினும் பங்குனி, சித்திரை மாதங்களில் தகரக் கூரையின்கீழ் ஒரு நண்பகற் பொழுதைக் கழித்தவர் அவ்வினாவை இரண்டாம் முறை கேட்கமாட்டார். புதிதாகக் கட்டப்படும் வீடுகளில் முன்னறையின் நடுவே விளக்கோடு கூடிய விசிறி ஒன்று தொங்குவது இப்போது வழக்கமாகி வருகின்றது. அதனோடு கூடவே, ‘ரிமோட்’ என்று சிறு குழந்தையும் சொல்லும் தொலை இயக்கியும் வந்து சேர்ந்திருக்கின்றது.

பழைய விசிறிக்கு ரிமோட் பூட்டலாமா? பூட்டுவதால் நன்மை உண்டா? அதனை நாமே பூட்டிக்கொள்ளலாமா? அன்றி, இஃது எழுந்து நடக்கச் சோம்பும் மனிதர்க்கென ஏற்பட்ட பகட்டுப் பொருள்தானா? இவ்வாறு வாசக அன்பர் சிலர் நம்மைக் கேட்டுள்ளனர். இறுதி வினாவை முதலில் எடுத்துக்கொள்வோம். அதற்கு விடை கண்டாலன்றி ஏனைய வினாக்களால் பயனில்லை.

பகட்டா, பயனா?

எமது அயலிலே எண்பது வயதைக் கடந்த மூதாட்டியார் ஒருவர் இருக்கின்றார். மகனும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் அன்போடு பேணும் வீடு அது. அவர் படுக்கும் அறையில் விளக்கோடு கூடிய விசிறியும் உண்டு. ஆனால் அதற்குரிய ஆளி வாயிற்கதவின் அருகே இருந்தது. கட்டிலோ எதிர்மூலையில் இருந்தது. இரவில் எழ வேண்டுமாயின், இருளில் ஏழெட்டு அடி தடவி நடந்த பின்னரே விளக்கைக் காணலாம். ஒருமுறை கால் இடறி விழுந்தார். நல்வினைப் பயனாய் எலும்பு முறியவில்லை.

அதன் பின்னர் நடந்ததே நம் சிந்தனைக்குரியது. மாலை ஆறு மணிக்குப் பின் அவர் தண்ணீர் அருந்துவதை நிறுத்திவிட்டார். இரவில் எழ நேருமே என்னும் அச்சந்தான் காரணம். இதனை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. உயர்தர வகுப்பிற் பயிலும் பேரன்தான் கண்டுபிடித்து எம்மிடம் கூறினான்.

“சேர், அப்பாயி ராவில தேத்தண்ணி கூடக் குடிக்கிறதில்லை. கேட்டா, தாகமில்லைன்னு சொல்றாங்க.”

அவன் தந்தையார் ரிமோட்டைப் பகட்டு என்று கருதியிருந்தவர். பேரன் சொன்னதைக் கேட்ட மறுகிழமையே கண்டிக்குச் சென்று ஒன்றை வாங்கி வந்தார். உடல் வலிமை உள்ளவனுக்கு ஆளிவரை நடப்பது ஒரு நொடி. அது குன்றியவர்க்கு அதுவே ஒரு நெடும்பயணம். எவருக்கு வேண்டும் என்பதை அறியாமல் ஒரு கருவியைப் பகட்டென்றோ பயனென்றோ தீர்ப்புக் கூறுதல் தகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

பிறர் கையிலிருந்து தன் கைக்கு

கூரையிலிருந்து காற்று வருவது புதிய செய்தியன்று. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் நீதிமன்றங்களிலும் கச்சேரிகளிலும் பெருந்துணி கட்டிய ‘பங்கா’ தொங்கும். சுவருக்கு அப்பால் ஓர் ஏழை அமர்ந்து நாள் முழுதும் கயிற்றை இழுத்துக்கொண்டிருப்பான். உள்ளே காற்று வாங்குவோர் அவன் முகத்தைக் காண்பதில்லை. காற்று நின்றபோது மட்டுமே அவன் நினைவு அவர்களுக்கு வரும். அதுவும் ஒருவகைத் தொலை இயக்கமே. ஆனால் அங்கே இயங்கியது மனிதவுடல்.

1880களில், தையல் இயந்திரத்திற்கென மின்மோட்டார் அமைத்துக்கொண்டிருந்த பிலிப் டீல் என்னும் பொறியியலாளர், அம்மோட்டாரையே கூரையில் தொங்கவிட்டு அதிலே தகடுகளைப் பூட்டினார். ஜேர்மனியிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறியவர் அவர். பின்னர் அதனோடு விளக்கையும் இணைத்தார். இன்று நம் முன்னறையில் தொங்கும் விளக்கு விசிறியின் மூதாதை அதுவே.

நம் நாட்டில் அவ்விசிறியைச் சுழற்றும் விசைக்கும் ஒரு வரலாறு உண்டு; அது மலைநாட்டு வரலாறுமாகும். மலையருவிகளிலிருந்து நாட்டுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலே ஆய்வுரை ஒன்றை முன்வைத்தார். அக்கனவு நனவாக முப்பது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. லக்ஷபான நீர்மின் நிலையம் 1950ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அதனைக் கண்ட பின்னர் 1953இல் அவர் மறைந்தார். கண்டிக்கு அணித்தாயுள்ள விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. அதன் மின்னுற்பத்தி ஆற்றல் 210 மெகாவாற்று. நம் மலைகளில் பெய்யும் மழைதான் நாடெங்கும் விளக்காகவும் விசிறியாகவும் மாறுகின்றது. அந்த மலைகளிலே தேயிலை நட்டவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அதன் பயனைத் தம் வீட்டுக் கூரையிற் காண்பது முறைமையானதே. நம் ஊருக்கு அயலிலுள்ள லூல்கந்துரைத் தோட்டத்திலேதான் 1867இல் ஜேம்ஸ் டெயிலர் என்பார் 19 ஏக்கரில் முதன்முதலாக வணிக முறையில் தேயிலை பயிரிட்டார் என்பதை மாணவர் நினைவிற் கொள்க.

கம்பியில்லாக் கட்டளை

கையிலிருக்கும் சிறு பெட்டியின் கட்டளை எவ்வாறு கூரைக்குச் செல்கின்றது? 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஸ் சந்திர போஸ், கட்புலனாகா அலைகளைச் சுவருக்கு அப்பாலும் செலுத்தி, தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றவைத்தும் காட்டினார். 1898இல் நியூயோர்க் நகரில் நிக்கோலா டெஸ்லா, நீர்த்தொட்டியில் மிதந்த சிறு படகொன்றை வானொலி அலைகளால் இயக்கிக் காட்டினார்.

வீட்டுப் பொருள்களுள் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இக்கலை பயன்பட்டது. 1955இல் அமெரிக்காவின் செனித் நிறுவனத்தைச் சேர்ந்த யூஜின் பொலி, ஒளிக்கற்றையால் தொலைக்காட்சியை இயக்கும் கருவியை உருவாக்கினார். அதில் ஒரு குறை இருந்தது: சாளரத்தின் வழியே வெயில் விழுந்தால், எவரும் ஏவாமலே பெட்டி இயங்கிவிடும். மறுவருடம் அதே நிறுவனத்தின் இராபர்ட் அட்லர், செவிக்குக் கேளாத ஒலியலைகளால் இயங்கும் கருவியை அமைத்து அக்குறையைத் தீர்த்தார்.

இக்கால விசிறி ரிமோட்டுகள் இருவகைப்படும். ஒருவகை செங்கீழ்க் கதிரால் இயங்குவது. அக்கதிர் வினாடிக்கு ஏறத்தாழ 38,000 முறை துடிக்குமாறு அமைக்கப்பட்டிருத்தலால், வாங்கும் கருவி வெயிலையும் கட்டளையையும் பிரித்தறிகின்றது. ஆனால் அது சுவரை ஊடுருவாது. ரிமோட்டுக்கும் விசிறிக்கும் இடையே மறைப்பு இருத்தல் ஆகாது. மற்றொருவகை வானொலி அலையால் இயங்குவது. அவற்றுட் பல ஏறத்தாழ 433 மெகாஹேட்ஸ் மீடிறனில் வேலை செய்கின்றன. அவ்வலை போர்வையையும் பலகைச் சுவரையும் கடந்து செல்லும். போர்வைக்குள்ளிருந்து பொத்தானை அழுத்தும் முதியவருக்கு இரண்டாம் வகையே நன்று. செங்கீழ்க் கதிர் ரிமோட் வேலை செய்கின்றதா என ஐயம் எழுந்தால், அதன் முனையைக் கைப்பேசியின் கமராவிற்கு முன் பிடித்துப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத அக்கதிர் பெரும்பாலான கமராக்களின் திரையிலே ஒளிப்புள்ளியாய் மின்னும். மாணவர்க்கு இதுவே ஒரு நல்ல பரிசோதனை.

மூன்று கம்பிகளின் கதை

நிற்க. பூட்டும் முறைக்கு வருவோம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. உயிர் கொல்ல அது போதும். ஆதலின் பின்வருவன, தொழில் தெரியாதவர் தாமே ஏணியில் ஏறுவதற்காக அல்ல. வேலை செய்ய வருபவர் முறையாகச் செய்கின்றாரா என்று வீட்டார் அறிந்துகொள்வதற்காகவே எழுதப்படுகின்றன.

விசிறிக்கு வருவன மூன்று கம்பிகள்: உயிர்க்கம்பி, நொதுமற் கம்பி, புவிக்கம்பி. பழைய வீடுகளில் இவை முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களில் இருக்கும். புதிய வீடுகளில் கபிலம், நீலம், மஞ்சட் கோடிட்ட பச்சை. உயிர்க்கம்பி சுவரிலுள்ள ஆளிக்குச் சென்று, அங்கிருந்து கூரைக்கு ஏறும். நொதுமற் கம்பியோ பெரும்பாலும் ஆளிப்பெட்டிக்குள் வருவதேயில்லை; நேராகக் கூரைக்கே சென்றுவிடும். ரிமோட்டின் கட்டளையை வாங்கும் பெட்டி இடையறாது விழித்திருக்க வேண்டுமாதலின், அதற்கு உயிர்க்கம்பியும் நொதுமற் கம்பியும் ஆகிய இரண்டும் வேண்டும். அவை இரண்டும் கூடுமிடம் கூரையேயாகும். விசிறித் தண்டின் உச்சியில் கிண்ணம் கவிழ்த்தாற் போலுள்ள மூடிக்குள் அப்பெட்டியை வைப்பதன் காரணம் இதுவே.

வாங்கும் பெட்டியின் ஒருபுறம் இரண்டு கம்பிகள் உள்ளே செல்லும். மறுபுறம் மூன்று வெளியே வரும். வெளிவருவனவற்றுள் ஒன்று விசிறிக்கு, ஒன்று விளக்கிற்கு, ஒன்று இரண்டிற்கும் பொதுவான நொதுமல். தனியே ஒரு மெல்லிய கம்பி எங்கும் இணையாமல் தொங்குமாயின், அது அலை வாங்கும் கம்பி. அதனை வெட்டவும் கூடாது, வேறெதனோடும் முறுக்கவும் கூடாது. புவிக்கம்பி இப்பெட்டியின் வழியாகச் செல்லாமல் விசிறியின் உலோக உடலோடு நேரே இணைக்கப்பட வேண்டும். சிலர் அதனை ‘வேண்டாத கம்பி’ என்று சுருட்டி மூடிக்குள் திணித்துவிடுவர். அத்தகையவரிடம் மேற்கொண்டு வேலை கொடுக்க வேண்டா.

முன்பு விசிறிக்கு ஓர் ஆளியும் விளக்கிற்கு ஓர் ஆளியும் இருந்திருப்பின், கூரைக்கு இரு உயிர்க்கம்பிகள் வந்திருக்கும். இனி ஒன்றே போதும். மற்றதன் முனையைத் திறந்தபடி விடாமல், உரிய இணைப்பானுக்குள் அடக்கி மூடுதல் வேண்டும்.

வேலை நாளில் பார்க்க வேண்டியவை

முதலாவது, சுவராளியை அணைத்தது போதும் என்று எண்ணலாகாது. பிரதான ஆளியையே அணைத்து, பின்னர் கூரையிலுள்ள கம்பிகளைச் சோதிப்பானால் சோதித்த பின்பே கை வைத்தல் வேண்டும். பழைய வீடுகளில் ஆளியை உயிர்க்கம்பியில் இணைக்காமல் நொதுமற் கம்பியில் இணைத்திருப்பதும் உண்டு. அங்கே ஆளியை அணைத்தாலும் கூரைக் கம்பியில் மின் இருந்துகொண்டே இருக்கும். நிறத்தை நம்பி உயிரை விடுதல் அறிவுடைமையன்று.

இரண்டாவது, சுவரிலுள்ள பழைய வேகக் கட்டுப்படுத்தியை நீக்கிவிட வேண்டும். ஒரு வண்டிக்கு இரு ஓட்டுநர் ஆகார். அதனையும் வைத்துக்கொண்டு ரிமோட்டையும் பூட்டினால், விசிறி முனகும். வாங்கும் பெட்டி சூடேறிப் பழுதாகும். விசிறியிலே இழுப்புச் சங்கிலி இருப்பின் அதனை உச்ச வேகத்தில் நிறுத்திவிடுக. வேகத்தைக் குறைப்பதும் கூட்டுவதும் இனி ரிமோட்டின் பொறுப்பு.

மூன்றாவது, விசிறியின் இனத்தை அறிதல் வேண்டும். தனியே விற்கும் ரிமோட் தொகுதிகள் பெரும்பாலும் பழைய தூண்டல் மோட்டார் விசிறிகளுக்கே உரியன. பி.எல்.டி.சி. என்று வழங்கும் புதிய விசிறிகளுக்குள்ளே மின்னணுச் சுற்று முன்னரே இருக்கின்றது. அதற்குரிய ரிமோட் அதனோடே வரும். அதன்மேல் இன்னொரு தொகுதியைப் பூட்டினால் இரண்டும் கெடும்.

நான்காவது, விளக்கின் வகை. சில ரிமோட்டுகள் விளக்கின் ஒளியைக் கூட்டிக் குறைக்கும். அதற்கு இசையாத எல்.இ.டி. மின்குமிழைப் பூட்டினால், அது கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். குமிழின் அட்டைப்பெட்டியிலே ஒளி குறைக்கத் தக்கது என்னும் குறிப்பு உண்டா என்று பார்த்து வாங்குக. வாங்கும் பெட்டி எத்தனை வாற்றுத் தாங்கும் என்பது அதன்மேல் எழுதப்பட்டிருக்கும். விசிறியும் விளக்கும் சேர்ந்து அதனை மீறலாகாது.

ஐந்தாவது, பாரம். விளக்கும் கண்ணாடிக் கூண்டும் சேர்ந்த விசிறி வெறும் விசிறியினும் கனமானது. கொங்கிறீற்றுத் தட்டிலோ உறுதியான மரவளையிலோ பதித்த கொளுக்கியில் மட்டுமே அது தொங்க வேண்டும். சீலிங் பலகையிற் பூட்டிய திருகாணியில் அன்று. சுழலும் தகடு தரையிலிருந்து ஏழு அடிக்குக் குறையாத உயரத்தில் இருத்தல் வேண்டும். லயத்து அறைகளைப் போலக் கூரை தாழ்ந்த இடங்களில் கூரை விசிறியே ஆகாது; அங்கே சுவர் விசிறியே பொருத்தம். கட்டிலின்மேல் நின்று போர்வை உதறும் தாயின் கையை நினைத்துப் பார்ப்பவர் இதனை உணர்வர்.

வேலை முடிந்த பின், ‘ட்ரிப் சுவிட்ச்’ என்னும் பாதுகாப்பு ஆளியின் சோதனைப் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே அது விழுந்தால் நலம். உடல் வழியாக மின் கசிந்தால், 30 மில்லி அம்பியர் அளவிலேயே அது இணைப்பைத் துண்டிக்கும். அப்பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது வீட்டின் வழக்கமாகட்டும். வேலைக்கு அழைப்பவரிடம் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் உண்டா என்று கேட்பதில் நாணம் வேண்டா. கல்வி கற்பிப்பவரிடம் பட்டம் உண்டா எனக் கேட்கும் பெற்றோர், உயிரோடு விளையாடும் தொழிலைச் செய்பவரிடம் ஏன் கேட்கலாகாது?

அயல்வீட்டு விசிறி

சுவரோடு சுவர் ஒட்டிய இரு வீடுகளில் ஒரே வகை ரிமோட்டுகள் பூட்டப்பட்டதால் நிகழ்ந்த வேடிக்கை ஒன்றை இங்கே குறிப்பிடலாம். இங்கே இவர் விளக்கை அணைத்தால், அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் இருளில் மூழ்கினார். அங்கே அவர் விசிறியைச் சுழற்றினால், இங்கே குழந்தை குளிரில் விழித்தழுதது. பேய் என்றார் ஒருவர்; பொறாமை என்றார் மற்றொருவர். ஈற்றில் பேயும் இல்லை, பொறாமையும் இல்லை. இரு கருவிகளுக்கும் குறியெண் ஒன்றாய் இருந்ததே காரணம்.

பழைய வகை ரிமோட்டின் பற்றரி அறைக்குள் நான்கு சிறு ஆளிகள் இருக்கும். ஒவ்வொன்றையும் மேலோ கீழோ வைக்கலாமாதலின், இரண்டை நான்கு முறை பெருக்க, 16 வகைக் குறியெண்கள் கிடைக்கும். தொழிற்சாலையிலிருந்து வரும்போது எல்லாம் ஒரே நிலையில் இருப்பது வழக்கம். பூட்டுபவர் மாற்றாமல் விட்டால் அயலாரோடு முட்டும். ரிமோட்டிலும் வாங்கும் பெட்டியிலும் ஒன்றுபோல மாற்றிவிட்டாற் பிணக்குத் தீர்ந்தது. புதியவகைக் கருவிகளில் இவ்வாளிகள் இல்லை. மின் இணைத்த சில வினாடிக்குள் குறித்த பொத்தானை அழுத்திப் பிடித்தால், பெட்டி தன் ரிமோட்டை அடையாளம் கண்டுகொள்ளும்.

மின்கட்டணமும் மின்தடையும்

ரிமோட் பூட்டுவதால் மட்டும் மின்கட்டணம் குறைந்துவிடாது. வாங்கும் பெட்டி உறங்காது காத்திருப்பதால், சிறிதளவு மின்சாரம் எந்நேரமும் செலவாகும். அது மிகவும் அற்பமே. மெய்யான சேமிப்பு மோட்டாரில் இருக்கின்றது. பழைய விசிறி உச்ச வேகத்தில் ஏறத்தாழ 75 வாற்று உண்ணும்; பி.எல்.டி.சி. விசிறி ஏறத்தாழ 30 வாற்றோடு அமையும். நாளுக்கு எட்டு மணி நேரம் என்று கணக்கிட்டால், முன்னது மாதத்திற்கு 18 அலகு. பின்னது 7 அலகுக்குச் சற்று மேல். இதனை மாணவர் தாமே பெருக்கிப் பார்க்க. இந்தியாவில் 2023ஆம் ஆண்டு தொடங்கிக் கூரை விசிறிகளுக்கு மின்சிக்கன நட்சத்திர முத்திரை கட்டாயமாக்கப்பட்டுள்ளது. ஆதலின், பழைய விசிறி தேய்ந்து ஓசையிடும் நிலையில் இருந்தால், அதற்கு ரிமோட் பூட்டுவதினும் ரிமோட்டோடு வரும் புதிய விசிறியை வாங்குவதே சிக்கனம். நல்ல நிலையில் இருந்தால் தொகுதி மட்டும் போதும்.

மின்தடையைப் பற்றி நம் நாட்டவர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை மின் உபநிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததால் நாடே இருண்டது என்று கூறப்பட்டபோது, இலங்கையில் வாலின் வலிமை இராமாயணத்தோடு முடிந்துவிடவில்லை என்று நகைத்தோம். இதிலிருந்து விசிறிக்கு ஒரு பாடம் உண்டு. மின் திரும்பும்போது சில கருவிகள் அணைந்த நிலையிலேயே இருக்கும். சில பழைய நிலைக்குத் திரும்பும். சில விளக்கை மட்டும் எரிக்கும். உங்கள் வீட்டுக் கருவி எவ்வினத்தது என்பதைப் பூட்டிய அன்றே பிரதான ஆளியை அணைத்துப் போட்டு அறிந்துகொள்க. ரிமோட் கெட்டாலும் தொலைந்தாலும் விளக்கு எரிய வேறு வழி உண்டா என்பதையும் அன்றே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பொத்தான் பற்றரி என்னும் பகை

இனிச் சொல்லப்போவதைத் தாய்மார் ஊன்றிப் படிக்க வேண்டும். சில ரிமோட்டுகளுக்குள் நாணயம் போன்ற சிறு வட்டப் பற்றரி இருக்கின்றது. தவழும் குழந்தையின் கண்ணுக்கு அது இனிப்புப் போலத் தோன்றும். விழுங்கிய பற்றரி உணவுக் குழாயில் சிக்கினால், அங்குள்ள ஈரத்தில் மின் பாய்ந்து, இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையைக் கடுமையாக எரித்துவிடும். பழையதாகிப் பொத்தானுக்கு விசை தராத பற்றரியும் இத்தீங்கைச் செய்ய வல்லது. விழுங்கியதாக ஐயம் எழுந்தாலே, வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நாளைக்குப் பார்ப்போம் என்று எண்ணாமல், உடனே பெரிய வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். பேராதனையில் சிறுவர்க்கெனவே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலை இருக்கின்றது. நம் மலைப்பாதையில் அவ்விடத்தை அடைவதற்கே நேரஞ் செல்லும் என்பதால், ஒரு கணமும் வீணாக்கலாகாது.

இயன்றால் பேனாப் பற்றரி இடும் ரிமோட்டையே வாங்குக. வட்டப் பற்றரியாயின், அதன் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதாய் இருத்தல் வேண்டும். மூடி உடைந்த ரிமோட்டை நூலாற் கட்டி வைத்திருக்கும் வீடுகளை நாம் அறிவோம். குழந்தையுள்ள வீட்டில் அது வேண்டா.

ஆளுங் கருவி யார் கையில்?

முன்னர்க் கூறிய மூதாட்டியாரின் வீட்டில் ரிமோட் முறையாகவே பூட்டப்பட்டது. ஆயினும் முதற் கிழமை அதனால் அவருக்கு ஒரு பயனும் விளையவில்லை. காரணம் வியப்பானது. அவர் மகனார் சிக்கனம் பேணுபவர். உறங்குமுன் வீடெங்கும் சென்று எல்லாச் சுவராளிகளையும் அணைத்துவிடுவது அவர் நெடுநாள் வழக்கம். சுவராளி அணைந்தபின் கூரையிலுள்ள பெட்டிக்கு உயிரில்லை. கட்டிலில் இருந்தவர் எத்தனை முறை அழுத்தினும் விளக்கு எரியவில்லை. கருவி கெட்டதென்று கருதி, மூதாட்டியார் அதனைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு மீண்டும் சுவரைத் தடவி நடந்தார். பேரன் காரணத்தைக் கண்டு, அந்த ஆளியின்மேல் ஒரு துண்டு நாடாவை ஒட்டி, ‘அப்பாயியின் ஆளி, அணைக்கலாகாது’ என்று எழுதி வைத்தான். ரிமோட்டையும் ஒரு நாடாவிற் கோத்துக் கட்டிற் சட்டத்தில் கட்டிவிட்டான். தொலைக்காட்சி ரிமோட்டைப் போல இதனையும் பிள்ளைகள் முன்னறைக்கு எடுத்துச் செல்லாதிருப்பதற்காகவே அக்கட்டு. இருபது பொத்தான்களுள் எது விளக்கு, எது விசிறி என்று மங்கிய கண் அறியாதாகையால், விளக்கிற்குரிய பொத்தானில் ஒரு ஸ்டிக்கர்ப் பொட்டை ஒட்டினாள் பேத்தி. விரல் தடவினாற் போதும், கண் வேண்டுவதில்லை.

பெட்டியில் வந்த கருவி பாதி வேலையைச் செய்தது. எஞ்சிய பாதியைச் செய்தவை அந்த நாடாவும் முடிச்சும் பொட்டுமே. மூதாட்டியார் இப்போது இரவில் ஒரு குவளை தேநீர் அருந்துகின்றார் என்று பேரன் எம்மிடம் சொன்னபோது, அவன் முகத்தில் இருந்த மகிழ்ச்சி பரீட்சைப் பெறுபேறு வந்த நாளிற்கூட நாம் காணாதது.

வீட்டிற்கு ரிமோட் பூட்ட எண்ணும் அன்பர்கள், விலையையும் வடிவத்தையும் பார்க்குமுன், அவ்வறையில் உறங்குபவர் யார், இரவில் முதலில் எழுபவர் யார், இருளில் அஞ்சுபவர் யார் என்று பார்ப்பார்களாக. அவர் கைக்கு எட்டுமாறு அதனை வைப்பார்களாக. பூட்டிய அன்றிரவே, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அவர் கட்டிலில் தாமே ஒருமுறை படுத்து, கண்ணை மூடிக்கொண்டு அப்பொத்தானைத் தேடிப் பார்ப்பார்களாக. உடனே கிட்டினால் வேலை முடிந்தது. கிட்டாவிடின் இன்னும் சிறிது பாக்கியிருக்கின்றது.